கழிவு என்னும் சொல்: ஏலக்களத்தின் கூலி பற்றி ஓர் அறவியல் நோக்கு

ஒரு பொருளை விற்பவன் அப்பொருளின் விலை முழுவதையும் பெறுதல் அரிது. விலைக்கும் விற்றவன் கைக்கும் இடையே ஒரு பங்கு நின்றுவிடுகின்றது. அது தரகு என்றும், ஆயம் என்றும், மகமை என்றும், கமிசன் என்றும், யாழ்ப்பாணத்து மரக்கறிச் சந்தைகளிலே கழிவு என்றும் இடத்துக்கேற்பப் பெயர் பெறும். இன்று இணையத்தளங்களின் வாயிலாக ஏலத்தில் விற்போர் அதனைக் கட்டணம் என்பர். பெயர் எதுவாயினும் அதன் பின் நிற்கும் வினா ஒன்றே. பொருளை ஆக்காதவனும் அதனை வாங்காதவனுமாகிய மூன்றாமவன், விற்கும் களத்தைத் தன் கையில் வைத்திருப்பதன் பொருட்டு, விலையில் ஒரு பங்கைக் கொள்ளுதல் நீதியாகுமா? ஆகுமெனின் எந்த நிலையில் ஆகும்?

இவ்வினாவுக்கு எளிதிற் கிடைக்கும் விடைகள் இரண்டு. உழைப்பவனே பொருளுக்கு உரியவன். இடையில் நிற்பவன் பெறுவதெல்லாம் பிறர் உழைப்பினின்றும் கவர்ந்தது என்பது ஒன்று. விற்பவன் தானாகவே களத்துக்கு வந்தான், கட்டணத்துக்கும் உடன்பட்டான், உடன்பட்டவன் பின்னர் முறையிடுதல் பொருந்தாது என்பது மற்றொன்று. மேடைகளிலே முதலாவது விடைக்குக் கைதட்டல் மிகுதி, கடைவீதியிலே இரண்டாவதற்கு. இரண்டுமே வினாவைத் தொட்டுவிட்டுத் தீர்க்காமற் சென்றுவிடுகின்றன.

முதலாவது விடையின் குறைபாட்டை யாழ்ப்பாணக் குடாநாடு தன் அநுபவத்தாலேயே அறியும். 2006ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டபோது குடாநாட்டின் தோட்டங்களும் கடற்கரைகளும் தென்னிலங்கைச் சந்தைகளிலிருந்து துண்டிக்கப்பட்டன. செம்மண் மாறிவிடவில்லை, கமக்காரனின் உழைப்பும் குறைந்துவிடவில்லை. ஆயினும் வாங்குவோர் வட்டம் சுருங்கிய இடத்து விளைபொருளின் பெறுமதியும் உடன் சுருங்கிற்று. உழைப்பு ஒன்றே விலையை ஆக்குமெனின் இவ்வாறு நிகழ்ந்திருத்தல் இயலாது. வாங்குவோரை ஓரிடத்திற் கூட்டுதலும், அவர்பாற் பொருளைக் கொண்டு சேர்த்தலும், பணம் தவறாது வந்து சேர வழிசெய்தலும் தொழில்களே. வாணிகத்தை ஐயத்தோடு நோக்கிய மத்தியகால ஐரோப்பியச் சிந்தனையிலும், தோமஸ் அக்குவைனஸ் வணிகன் தன் உழைப்பின் கூலியாகக் கொள்ளும் ஊதியத்துக்கு இடமளித்தார். களம் அமைப்பவனுக்குக் கூலி உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ளாது இவ்விடயத்தை ஆராயப் புகுவது வீண்.

இரண்டாவது விடையோ உடன்பாடு என்னும் சொல்லின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுகின்றது. அச்சொல் அவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்பதைக் காணப் பாசையூர், குருநகர், நாவாந்துறை போன்ற கரைகளிலே விடியற்காலையில் நிகழும் மீன் விற்பனையை நோக்கலாம். படகு கரைசேர்கின்றது. மீன் குவிக்கப்படுகின்றது. கூறுபவர் விலையை உரத்துக் கூற, சூழ நிற்கும் வியாபாரிகள் ஏற்றிக் கேட்கின்றனர். யாவும் வெளிப்படையாகவே நடைபெறுகின்றன. ஏற்ற விலை கிடைக்காவிடில் மீனைத் திரும்ப எடுத்துச் செல்லத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று சட்டம் கூறலாம். ஆனால் வெயில் ஏறுந்தோறும் மீனின் விலை இறங்கும். திரும்ப எடுத்துச் செல்லும் உரிமை, நாறிப்போன மீனைச் சொந்தமாக வைத்திருக்கும் உரிமையாகவே முடியும். புயலிலே கப்பல் மூழ்காதிருக்கச் சரக்கைக் கடலில் எறியும் மாலுமியைப் பற்றி அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலிலே ஆராய்கின்றார். அவன் விரும்பி எறிந்தானா, விரும்பாது எறிந்தானா? எறிந்த கை அவனுடையதே. ஆயினும் புயல் இல்லாதபோது எவனும் அவ்வாறு எறியான். இத்தகைய செயல்கள் இரண்டும் கலந்தவை என்பது அவர் துணிபு. காத்திருக்க இயலாத விற்பனையாளன் கட்டணத்துக்கு அளிக்கும் உடன்பாடும் இக்கலப்பு வகையினதே. காத்திருக்கும் ஆற்றல் எவனிடம் குறைவோ அவனிடமிருந்து கூடுதலாகக் கொள்ள இயலும் என்பது சந்தை நன்கறிந்த உண்மை. அறவியல் அதனை இன்னும் போதியளவு ஆராயவில்லை.

இனிக் கழிவை நோக்கலாம். யாழ்ப்பாண மாவட்டத்தின் மொத்த விற்பனைச் சந்தைகளிலே, கமக்காரன் கொண்டுவரும் மரக்கறியில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழித்து, எஞ்சிய தொண்ணூறு கிலோவுக்கே பணம் கொடுக்கும் வழக்கம் பல்லாண்டுகளாக முறைப்பாட்டுக்கு உள்ளாகி வந்துள்ளது. அதனை நிறுத்த வேண்டுமென அதிகாரிகள் மட்டத்திலே தீர்மானங்களும் எழுந்ததுண்டு. வியாபாரிகள் கூறும் நியாயம் யாவரும் அறிந்தது: மரக்கறி வாடும், நிறை குறையும், அழுகியதும் நசிந்ததும் கலந்திருக்கும், ஏற்றியிறக்குகையிற் சேதம் நேரும். இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. ஆயினும் இங்கு நிகழ்வது யாதென ஊன்றி நோக்கவேண்டும். சேதம் நேர்ந்தபின் அது அளக்கப்படவில்லை, நேருமுன்னரே கழிக்கப்படுகின்றது. ஒரு நாளில் வாடும் கீரைக்கும் பல கிழமை இருக்கும் பூசணிக்கும் ஒரே பத்து. மாலைக்குள் விற்று முடிந்தால், சேதமென்று கழித்த பத்துக் கிலோவும் சேதமடையாது விலைபோகும். அப்போது அது கழிவு அன்று, இலாபம். ஆயின் அதற்கு இலாபம் என்னும் பெயர் இல்லை. இயற்கையின் மேற் பழியைப் போட்டுப் பெறப்படும் கூலி அது.

இதனாலேயே பத்து என்னும் எண்ணைவிடக் கழிவு என்னும் சொல்லே கூடுதலான ஆராய்ச்சிக்குரியது. வியாபாரி தன் கூலி பத்து வீதம் என்று நேராகக் கேட்பானாயின், கமக்காரன் அதனைப் பேரம் பேசலாம். எட்டுக்கு இறங்குவானா, அயற்சந்தையில் ஏழுக்குக் கிடைக்குமா என்று பார்க்கலாம். கூலி பேரத்துக்குரியது. அழுகலோடு எவன் பேரம் பேசுவான்? பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் இருந்தமை புகழ்ந்து பேசப்படுகின்றது. அவர்கள் இலாபமே பெறாதவர் என்று அப்புலவர் கூறவில்லை. நிறையில் ஒளியாது, விலையிற் கொண்டனர் என்பதே அப்புகழ்ச்சியின் உட்கிடை எனல் பொருந்தும்.

மேலும் ஒரு கூறு உண்டு. இவ்வழக்கத்துக்கு இடமளித்த குறைகளுள் விற்பவர் சிலரின் செயலும் ஒன்று. மூடையின் அடியிற் பழுதானதையும் மேலே நல்லதையும் வைத்தவர் இல்லாமற் போகவில்லை. சிலரின் வஞ்சனைக்காகப் பொதுவாக விதிக்கப்பட்ட தண்டம், வஞ்சனை செய்யாதவனிடமிருந்தும் ஒரே அளவிற் பெறப்படுகின்றது. இன்னும் விந்தை யாதெனில், வஞ்சகனுக்கு அது தண்டமே அன்று. பத்துக் கிலோ பழுதானதை உள்ளே வைத்தவன் பத்துக் கிலோக் கழிவோடு கணக்கைச் சரிசெய்துகொள்கின்றான். நேர்மையாளன் ஒருவனே இழக்கின்றான். ஐயம் எங்கும் உண்டு, அதற்கு ஒரு விலையும் உண்டு. அவ்விலையை யார் செலுத்துவது என்பதே கட்டணம் பற்றிய அறவினாவின் நடுநாடி எனத் தோன்றுகின்றது.

கட்டணமாகவோ காணிக்கையாகவோ பெருந்தொகை கொடுப்பதை மனிதர் எப்போதும் வெறுப்பதில்லை என்பதற்கும் இம்மண்ணிலேயே சான்று உண்டு. கோயில் திருவிழாக்களில் மாம்பழம் போன்ற பொருள்கள் ஏலத்திற் கூறப்படும்போது அவை சந்தை விலையைப் பன்மடங்கு விஞ்சிச் செல்லும். ஏற்றிக் கேட்பவன் ஏமாந்தவனாக எவரும் கருதுவதில்லை. பழத்தின் விலை இவ்வளவு, கோயிலுக்குச் சேர்வது இவ்வளவு என்பது கேட்பவனுக்கும் தெரியும், கூறுபவருக்கும் தெரியும், சூழ நிற்கும் சிறுவருக்கும் தெரியும். வணிகர் தம் வரவிற் சிறு பங்கை அறத்துக்கென ஒதுக்கிய மகமையும் இவ்வகையினதே. (ஏலம் என்னும் சொல்லே போர்த்துக்கேயர் வழிவந்த திசைச்சொல் என அகராதி கூறும்; சொல் அந்நியமாயினும் செயல் அந்நியமன்று.)

செயல் எவ்வளவு பழைமையானது என்பதைக் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் காட்டும். சுங்கச்சாவடியிலே வணிகன் தன் சரக்கின் அளவையும் விலையையும் கூறி, இவ்விலைக்குக் கொள்வார் உளரோ என மும்முறை அறிவித்தல் வேண்டும். வாங்குவோர் போட்டியிட்டு விலையை ஏற்றினால், ஏறிய தொகையானது சுங்கத்தோடு அரச கருவூலத்தைச் சேரும். பிறிதோரிடத்து அந்நூல் வணிகனின் இலாபத்தை உள்நாட்டுப் பொருளுக்கு 5 வீதமாகவும் பிறநாட்டுப் பொருளுக்கு 10 வீதமாகவும் வரையறுக்கின்றது. போட்டியினால் ஏறும் விலை எவருக்கு உரியது என்னும் வினாவை இந்நூல் எவ்வளவு நேராக எதிர்கொள்கின்றது! விற்பவன் கேட்ட விலை அவனுக்கு. கூட்டத்தால் விளைந்தது கூட்டத்தைக் காக்கும் அரசனுக்கு. இவ்விடை இன்று எவருக்கும் உவப்பாயிராது. அரசனின் பேராசை என்று அதனைத் தள்ளிவிடவும் கூடும். ஆயினும் நூற்றுவீதமாகக் கட்டணம் கொள்ளும் ஒவ்வோர் ஏலக்களமும் இதே உரிமையைச் சிறிய அளவிலே கோருகின்றது என்பது மறைந்திருக்கும் உண்மை. நூறு ரூபாப் பொருளைக் கூறி விற்கவும் பதினாயிரம் ரூபாப் பொருளைக் கூறி விற்கவும் களத்துக்கு ஆகும் உழைப்பு நூறு மடங்கு வேறுபடுவதில்லை. வீதமாகக் கொள்பவன் உழைப்பின் கூலியைக் கேட்கவில்லை. விற்பவனின் அதிட்டத்திலே பங்கு கேட்கின்றான்.

இதன் முழு வளர்ச்சியை இணைய ஏலத்திற் காணலாம். 1995ஆம் ஆண்டு செப்டெம்பரிலே பியர் ஒமிட்யார் என்பவர் அமெரிக்காவிற் தொடங்கிய தளமே பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது. பழுதடைந்த லேசர் ஒளிச்சுட்டி ஒன்று 14.83 டொலருக்கு அங்கு விலைபோன செய்தி அத்தளத்தின் வரலாற்றிலே பெருமையோடு கூறப்படுவது. பழுதானதற்கும் எங்கோ ஒருவன் விருப்பமுடையவனாய் இருக்கின்றான். அவனைக் கண்டுபிடித்துக் கொடுப்பதே களத்தின் பணி. தொடக்கத்தில் அத்தளம் கட்டணம் கொள்ளவில்லை. இணையத் தொடர்பு வழங்கிய நிறுவனம் மாதம் 250 டொலர் கேட்கத் தொடங்கியபோது, 1996இலே விற்பவரிடம் கட்டணம் பெறும் முறை புகுந்தது. செலவு மாறாத் தொகையாயிருந்தது. அதனை ஈடுசெய்யக் கொள்ளப்பட்டதோ விலையில் ஒரு வீதம். செலவு ஈடானபின்னும் வீதம் நின்றுவிட்டது. பொருளைப் பட்டியலிடுவதற்கு ஒரு கட்டணமும், விற்றபின் இறுதி விலையில் ஒரு வீதமும் என அது கிளைத்தது. பட்டியற் கட்டணம் விதிக்கப்படும் இடத்துப் பொருள் விலைபோகாவிடினும் அது திரும்பி வருவதில்லை. அதிட்டத்திற் பங்கு கேட்கும் களம் துரதிட்டத்திற் பங்கு கேட்பதில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

நேர்மையாளன் பிறர் வஞ்சனைக்கு இறுக்கும் தண்டம் இங்கும் தொடர்கின்றது. பொருளின் விலையை ஒரு சதமெனக் குறித்து, அஞ்சற் செலவைப் பெருந்தொகையாக்கிக் கட்டணத்தைத் தவிர்த்த விற்பனையாளர் இருந்தனர். 2011இலே ஈபே தன் அமெரிக்கத் தளத்தில் அஞ்சற் செலவின் மீதும் இறுதி விலைக் கட்டணத்தை விதித்தது. பின்னாளில் வாங்குபவர் செலுத்தும் விற்பனை வரியும் அக்கணக்கினுட் சேர்ந்தது. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். யாழ்ப்பாணத்திலே முடையப்பட்ட பனையோலைக் கூடை ஒன்று ரொறன்ரோவிலுள்ள ஒருவருக்கு 20 டொலருக்கு விலைபோகின்றது என்றும், அதனை அனுப்ப 30 டொலர் ஆகின்றது என்றும் கொள்வோம். பெரும்பாலான பொருள் வகைகளில் வழங்கும் 13 வீதத்தை ஒட்டிய கட்டணம் 50 டொலரின் மீது கணிக்கப்படுமாயின் அது ஆறரை டொலர். கூடைக்குக் கிடைத்த இருபதில் அது ஏறத்தாழ மூன்றிலொன்று. வாங்குபவருக்கு அண்மையில் இருப்பவனுக்கு 13 வீதமாக இருப்பது, தொலைவில் இருப்பவனுக்கு 32 வீதமாகின்றது. அவன் தொலைவாற் பெற்ற ஊதியம் யாதொன்றுமில்லை. அஞ்சலகத்துக்குச் சென்ற பணத்துக்கும் அவனே கட்டணம் இறுத்தவனாகின்றான். இலங்கையிலிருந்து பேபால் வழியே பணம் செலுத்த இயன்றும் பெற இயலாதிருந்த நெடுங்காலத்திலே, பணத்தைக் கைப்பற்றவே இன்னொரு கையைத் தேடவேண்டிய நிலையும் இதனோடு சேர்ந்தது. ஓலை வார்ந்து, சாயமிட்டு, முடைந்த கையை நோக்க இக்கைகள் யாவும் தூய்மையானவை. ஒன்றிலேனும் ஓலை கீறிய தழும்பு இல்லை.

கட்டணத்தை வாங்குபவனிடம் மாற்றிவிட்டால் விற்பவன் விடுபடுவான் என்பார் உளர். இலண்டனின் பெரும் ஏலநிறுவனங்களாகிய கிறிஸ்டீசும் சதபீசும் 1975இலே வாங்குபவரிடம் 10 வீதம் மேலதிகமாகக் கொள்ளத் தொடங்கியபோது வியாபாரிகள் எதிர்த்தனர். 110 பவுண் கொடுக்க எண்ணிய வாங்குநன், மேலதிகத்தை மனதிற் கொண்டு நூறோடு நின்றுவிடுகின்றான். பணத்தைக் கொடுத்த கை வாங்குநனுடையது. குறைந்த பத்துப் பவுணும் விற்பவனுடையது. ஈபே 2024 ஒக்டோபரில் ஐக்கிய இராச்சியத்திலே தனியாட்கள் விற்கும் பொருள்களின் கட்டணத்தை நீக்கி, 2025 பெப்ரவரி முதல் வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் பெறத் தொடங்கியமையையும் இவ்வெளிச்சத்திலேயே நோக்குதல் தகும். ஏலத்திலே எவ்வாறு கேட்பது, எவ்வாறு களத்தை வகுப்பது என்பவற்றை ஆராய்ந்த வில்லியம் விக்கிரி 1996இலும், மில்குறோமும் வில்சனும் 2020இலும் நோபல் பரிசு பெற்றனர். களத்துக்குரியவன் எவ்வளவு கொள்ளலாம் என்னும் அறவினாவோ அத்தகைய கணிதத்துள் அடங்குவதன்று. மேற்கூறிய இரு இலண்டன் நிறுவனங்களும் 1990களிலே விற்பவர் கமிசனைத் தமக்குள் இரகசியமாகப் பேசி நிலைநிறுத்தியமை பின்னர் வெளிப்பட்டது. வாடிக்கையாளருக்கு 512 மில்லியன் டொலர் இழப்பீடு கொடுக்க அவை உடன்பட்டன. சதபீசின் தலைவராயிருந்த அல்பிரட் டோப்மன் 2001இலே குற்றவாளியாகக் காணப்பட்டார். வாங்குவோர் நூற்றுவர் முன்னிலையில் வெளிப்படையாகப் போட்டியிட்டு விலையைக் காணும் களத்திலே, அக்களத்தின் கூலி மட்டும் மூடிய அறையிற் காணப்பட்டது. போட்டியின் பயனைப் பிறருக்கு விற்றவர்கள் தமக்கு அதனை வேண்டாமென்று கொண்டனர்.

அவ்வாறாயின் நீதியான கட்டணம் யாது? குறைந்த கட்டணம் என்பது விடையாகாது. மூன்று வீதம் கொண்டு நிறையிலே ஒளிப்பவனைவிடப் பன்னிரண்டு வீதத்தை வெளிப்படையாகக் கேட்டு, பணம் வராத வேளையில் அவ்விழப்பைத் தானே ஏற்பவன் மேலானவன். கொள்ளும் பங்குக்கு ஏற்பத் தாங்கும் பாரமும் இருத்தல் வேண்டும். அதனைக் கேட்டறியவும் மாற்றவும் கொடுப்பவனுக்கு ஒரு வழி இருத்தல் வேண்டும். கோயில் ஏலத்திலே பங்கு அறிந்து கொடுக்கப்படுகின்றது. மீன்கரையிலே அறிந்தும் மறுக்க இயலாது கொடுக்கப்படுகின்றது. கழிவிலே அறியவும் இயலாத வகையிற் கொள்ளப்படுகின்றது.

கேட்டறியவும் மாற்றவும் உரிய வழியை யாழ்ப்பாணத்தார் ஒருகாலத்தில் தாமே அமைத்ததுண்டு. திருவிதாங்கூருக்குச் சென்ற புகையிலையின் விற்பனையிலே இடைநிற்போரின் பிடியைத் தளர்த்தும் பொருட்டு, 1930களிலே யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது. கூட்டுறவுச் சங்கமும் செலவுக்கெனக் கழிக்கவே செய்யும்; அதன் கணக்கிலும் பிழை நேரும்; அதன் நிருவாகத்திலும் ஊர்ப்பெரியோரின் விருப்பு வெறுப்புகள் புகும். ஆயினும் ஆண்டுக்கொருமுறை பொதுக்கூட்டம் கூடும். கழித்தது எவ்வளவு, ஏன் என்று எழுந்து கேட்க அங்கத்தவனுக்கு அங்கே ஓர் இருக்கை உண்டு.

இணையக்களத்தில் விற்பவனுக்கு அத்தகைய இருக்கை இல்லை. 2008 சனவரியிலே ஈபே தன் அமெரிக்கத் தளத்தில் பட்டியற் கட்டணத்தைக் குறைத்து, முதல் 25 டொலருக்கான இறுதி விலைக் கட்டணத்தை 5.25 வீதத்திலிருந்து 8.75 வீதமாக உயர்த்துவதாக அறிவித்தது. வாங்குபவரைப் பற்றி விற்பவர் பாதகமான கருத்துப் பதியும் உரிமையும் நீக்கப்படும் என்றது. அவ்வாண்டு பெப்ரவரி 18ஆம் நாள் தொடக்கம் ஒரு கிழமை, சிறு விற்பனையாளர் பலர் தம் பொருள்களைப் பட்டியலிடாது பகிட்கரித்தனர். ஒருவரையொருவர் கண்டறியாதவர்களாய், வெவ்வேறு நகரங்களில் இருந்தபடியே அவர்கள் அதனைச் செய்தனர். உயர்த்திய வீதம் நடைமுறைக்கு வந்தது. கருத்துப் பதியும் விதியும் மே மாதத்தில் மாறியது. கிழமை முடிந்ததும் அவர்களிற் பலருக்கு வேறு களம் இருக்கவில்லை. பொருள்கள் மீண்டும் பட்டியலில் ஏறின.